சீன 125 ஆ, இந்திய 100 ஆ, பழைய எம்டி 90 ஆ?

தங்கச்சியின் மகனுக்குப் பரந்தனில் வேலை கிடைத்திருக்கிறது. கொடிகாமத்திலிருந்து தினமும் போய்வர வேண்டும். ஒரு பக்கம் முப்பது கிலோமீற்றருக்கு மேல், முழுக்க யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 வீதி, நடுவில் ஆனையிறவுக் காற்று. போன கிழமை வந்து திண்ணையில் இருந்தபடி கேட்டான்: "மாமா, கையில கொஞ்சக் காசுதான் இருக்கு. சீனா மோட்டார் சைக்கிள் ஒண்டு புதுசா எடுக்கட்டா? இல்லாட்டி பாவிச்ச பஜாஜ் சிடி நூறு ஒண்டு பாப்பமா?" கேட்டுவிட்டு, தாழ்வாரத்தில் நிற்கும் அப்பாவின் பழைய ஹொண்டா எம்டி 90ஐயும் ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். 2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி திறந்த பிறகு இதே கேள்வியோடு நிறையப் பேர் அலைகிறார்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது யாரும் ஐந்து வருடம் நீளும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் ரூபாய் விழுந்தது. ஊரில் ஓடிய மோட்டார் சைக்கிள்களோ ஒன்றுக்கொன்று விலை ஏறிக்கொண்டே போயின. புதிதாக எடுத்த விலையைவிடக் கூட்டி, ஏழெட்டு வருடம் ஓடிய சைக்கிளை விற்றவர்களை எனக்குத் தெரியும். இப்போது புதியவை வந்துவிட்டன. ஆனால் பழைய விலை திரும்பி வரவில்லை. அதனால்தான் ஷோறூமில் ஆகக் குறைந்த விலை எழுதியிருக்கும் சீனத் தயாரிப்பின் பக்கம் பொடியன்களின் கண் போகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் ஓடும் எல்லாமே வெளியில் இருந்து வந்தவைதான். பஜாஜ், ஹீரோ, டிவிஎஸ் எல்லாம் இந்தியாவில் இருந்து வந்தவை. ஹொண்டாவின் எம்டி 90, சாலி, சி 90 எல்லாம் ஜப்பான் சாமான். சீனாவில் இருந்து முழுதாக வருவதும் உண்டு, பாகங்களாக வந்து இங்கே பொருத்தப்படுவதும் உண்டு. ஆகவே "இறக்குமதி மலிவுச் சைக்கிள் நல்லதா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. எது பழுதானால் எங்கே போய் என்ன வாங்குவது என்று கேட்டால்தான் பதில் வரும். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன்.

2011இல் நான் ஒரு சீன 125 சிசி சைக்கிள் எடுத்தேன். பெயர் வேண்டாம். யுத்தம் முடிந்து, பாதை திறந்து, லீசிங் கம்பனிகளும் ஷோறூம்களும் வரிசையாக முளைத்த காலம். இந்திய 100ஐவிடக் கணிசமாக மலிவு. பார்வைக்கோ அதைவிடப் பெரியது. பெற்றோல் ராங்கி அகலம், இரட்டை மீற்றர், குரோம் பளபளப்பு. ஒரு வருடம் குறையே சொல்லாமல் ஓடியது. இரண்டாம் வருடம் ஆனையிறவு உப்புக் காற்று வேலையைக் காட்டத் தொடங்கியது. சைலன்சர் குரோம் முதலில் புள்ளி புள்ளியாகப் பூத்து, பிறகு தோல் உரிவது மாதிரி உரிந்தது. பின் சில்லுக் கம்பிகள் தளர்ந்தன. செயின் மாற்றப் போனால், அச்சின் நட்டில் சாவி போட்டதும் அதன் மூலைகள் மழுங்கி உருண்டுவிட்டன. அவ்வளவு மென்மையான இரும்பு.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. மூன்றாம் வருடம் மழைக்குள் நின்றது. சிடிஐ போய்விட்டது என்றார் மெக்கானிக் அண்ணை. சிடிஐ என்பது பிளக்குக்குத் தீப்பொறி எப்போது போக வேண்டும் என்று தீர்மானிக்கிற, தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. கடையில் வேறு சிடிஐக்கள் இருந்தன, ஆனால் என்னுடைய சைக்கிளின் வயர் முனை அவை எதிலும் பொருந்தவில்லை. வாங்கிய ஷோறூமுக்குப் போனேன். அந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை இருந்தது. கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் பழைய பெட்டியைக் கொடுத்து, பஞ்சிகாவத்தையில் தேடச் சொன்னேன். மூன்று கிழமைக்குப் பிறகு, பொருந்தும் ஆனால் சரியாக அதே அல்லாத ஒன்று வந்தது. வயரை வெட்டி, ஒட்டி, ரேப் சுற்றி ஓட்டினேன்.

அதே வருடம் கிளச் பிளேற்றும் தேய்ந்தது. இந்தமுறையும் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அண்ணை இன்ஜின் மூடியைக் கழற்றி, தேய்ந்த பிளேற்றைத் துணியால் துடைத்து, அலுமாரியில் இருந்த ஹொண்டா சிஜி 125 பிளேற்று ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்தார். பல்லோடு பல், விளிம்போடு விளிம்பு ஒட்டி உட்கார்ந்தது. "தம்பி, உன்ர இன்ஜினுக்கு உலகம் முழுக்கச் சாமான் இருக்கு. இந்த லைற்றுக்கும் கவருக்கும்தான் நான் எங்க போறது?" என்றார். பின்னேரம் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மலிவுச் சீனச் சைக்கிள்களைப் பற்றி நான் அறிந்துகொண்ட ஆக முக்கியமான விடயம் அந்த ஒரு பின்னேரத்தில் கிடைத்ததுதான். சீனாவின் சொங்சிங் நகரத்தில் லிஃபான், லொன்சின், சொங்ஷென் போன்ற தனியார் கம்பனிகள் 1990களில் எழும்பின. புது இன்ஜின் வடிவமைப்பதில் அவர்கள் மினைக்கெடவில்லை. ஜப்பான்காரர் ஏற்கெனவே செய்து தேறிய இரண்டு மூன்று இன்ஜின்களைப் படியெடுத்தார்கள். சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் ஒரே அளவில் பிஸ்டனும் பிளேற்றும் காபரேற்றரும் செய்தன. யார் வேண்டுமானாலும் அவற்றை வாங்கிப் பூட்டித் தங்கள் பெயரை ஒட்டலாம். விலை குறைந்ததன் இரகசியம் இது. பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்துவதற்கும் காரணம் இதே.

படியெடுக்கப்பட்டவற்றில் முதலாவது ஹொண்டா சிஜி 125. 1970களின் நடுவில் ஹொண்டா இதைச் செய்ததே, ஒயில் மாற்ற மறக்கிற, தூசு வீதியில் ஓடுகிற, கூடுதல் பாரம் ஏற்றுகிற நாடுகளுக்காக. வால்வைத் திறக்க மேலே செயின் (கம் செயின்) ஓடாது, தள்ளுகம்பியால்தான் வால்வு திறக்கும். பராமரிப்புக் குறைவு. இரண்டாவது சுசுகி ஜிஎன் 125. எங்கள் நாட்டில் அசல் ஜிஎன் நிறைய ஓடியது, ஆகவே பாட்ஸுக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது 1958 முதல் வந்த ஹொண்டா கப் வம்சத்துப் படுத்த இன்ஜின். எம்டி 90இலும் சாலியிலும் இருப்பது அதே குடும்பம்தான்.

ஷோறூமில் நிற்கும் புதுச் சைக்கிளில் எது இருக்கிறது என்று விற்பவர் சொல்லாவிட்டாலும், குனிந்து இன்ஜின் அடியில் பார்த்தால் தெரியும். 156 எஃப்எம்ஐ என்பது போல ஒரு குறி அடித்திருக்கும். முதல் இலக்கம் எத்தனை சிலிண்டர் என்பது. அடுத்த இரண்டும் பிஸ்டன் ஓடும் குழாயின் விட்டம், மில்லிமீற்றரில். எஃப் என்றால் காற்றில் குளிர்வது, எம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கானது, கடைசி எழுத்து கொள்ளளவு. 156 எஃப்எம்ஐ பெரும்பாலும் சிஜி வகை 125. 157 எஃப்எம்ஐ ஜிஎன் வகை. 162 எஃப்எம்ஜே என்றால் 150. 152 எஃப்எம்எச் கப் வகை 110. இந்தக் குறி இருந்தால் இன்ஜின் அநாதை இல்லை. குறியே வேறு மாதிரி இருந்து, ஊர் மெக்கானிக்கும் அடையாளம் காண முடியாவிட்டால் அதைத் தொட வேண்டாம், விலை என்னவாக இருந்தாலும்.

ஆனால் இன்ஜின் மட்டும் சைக்கிள் இல்லையே. என்னுடையதைக் கொன்றது இன்ஜின் அல்ல. சுவிட்ச், வயர் முனைகள், ஸ்பீடோ மீற்றர், பக்கக் கவர், பின் பிரேக் கூடு எல்லாம் அந்தக் கம்பனி அந்த ஒரு மொடலுக்கு மட்டும் செய்தவை. ஏஜென்ற் போனால் அவையும் போயின. ஆறாம் வருடம் இன்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பிரேக் கூடு வெடித்துவிட்டது. கடைசியில் ஒருவர் இன்ஜினுக்காக மட்டும் வாங்கி, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெஷின் செய்யக் கொண்டுபோனார்.

சீனா என்றாலே கழிவு என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். லொன்சின் கம்பனி ஜேர்மனியின் பிஎம்டபிள்யூவுக்கே இன்ஜின் செய்து கொடுத்திருக்கிறது. ஹொண்டாவும் 2001இல் தன்னைப் படியெடுத்த ஒரு சீனக் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்தது. திறமை இருக்கிறது. ஆனால் வாங்குபவன் எந்த விலைக்குக் கேட்கிறானோ அந்த விலைக்கான இரும்பைத்தான் போடுவார்கள்.

வியட்நாமில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2000ஆம் ஆண்டளவில் சீனச் சைக்கிள்கள் அங்கே வெள்ளமாக வந்தன. ஹொண்டா விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக மோட்டார் சைக்கிள் ஏறிய குடும்பங்கள் எத்தனையோ. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரு தகப்பன் மரக்கறி மூட்டையைச் சைக்கிளில் மிதிக்காமல் சந்தைக்குக் கொண்டுபோனான் என்றால் அது பெரிய காரியம். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் சாமான்கள் உதிரத் தொடங்கின. ஹொண்டா 2002இல் வேவ் அல்பா என்ற மலிவு மொடலை இறக்கியது. அதற்கு முன் விற்ற தன் மொடல்களின் ஏறக்குறையப் பாதி விலை, சில பாகங்கள் சீனாவிலேயே செய்தவை. அரசும் இறக்குமதியை இறுக்கியது. வாங்குபவர்கள் ஹொண்டாவிடம் திரும்பினார்கள். மலிவுச் சைக்கிள் தோற்றாலும், அது வந்ததால்தான் நல்ல சைக்கிளின் விலை இறங்கியது.

எங்களுக்கு வேவ் அல்பாவின் இடத்தில் நிற்பது இந்திய 100. பஜாஜ் சிடி 100, கவாசாகியோடு கூட்டாக இருந்த காலத்து பொக்சர் மொடலின் வம்சம். 99 சிசி சொச்சம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் 97 சிசி, 1994இல் இந்தியாவில் வந்தது, ஹொண்டா கப் குடும்பத்து இன்ஜின்தான். இரண்டிலும் பார்வைக்கு ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் ட்ரம் பிரேக், ஒல்லி ரயர். ஆனால் கொடிகாமம் சந்திப் பெட்டிக்கடையில்கூட சிடி 100 கிளச் கேபிள் தொங்கும். அது தொங்குவதற்குக் காரணம், வீதியில் பத்துச் சைக்கிள் போனால் எத்தனை சிடி 100 என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

இந்திய 100க்கு இன்னொரு பலமும் இருக்கிறது. எங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். 125 ஓட வேண்டுமென்றால் ஏ வகுப்பு வேண்டும். பொடியன் முதலில் எந்த வகுப்புக்குப் போட்டிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் சிசியைப் பற்றிப் பேசவேண்டும். ஏ1 வைத்துக்கொண்டு 125இல் போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது பெற்றோல். மருமகனுடைய ஓட்டத்துக்கு மாதம் 1,500 கிலோமீற்றர் வரும். சிடி 100 லீற்றருக்கு 60 ஓடும் என்று வைத்தால் 25 லீற்றர். என் பழைய சீன 125 நல்லாக இருந்த காலத்திலேயே 45தான் தந்தது. அப்படியென்றால் 33 லீற்றர். எட்டு லீற்றர் வித்தியாசம். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டால் மாதம் 2,400, வருடம் 28,800 ரூபாய். இரண்டு சைக்கிளுக்கும் இடையில் ஒரு இலட்சம் விலை வித்தியாசம் இருந்தாலும், மூன்றரை வருடத்தில் பெற்றோலே அதைச் சாப்பிட்டுவிடும். 2022இல் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனதையும், கியூஆர் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் தந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாலு லீற்றரில் சிடி 100 வைத்திருந்த ஆசிரியர்கள் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் போனார்கள். லீற்றருக்கு 45 ஓடும் சைக்கிள் வைத்திருந்தவர்கள் வியாழக்கிழமையோடு நின்றார்கள்.

திரும்ப விற்கும்போது கிடைப்பதையும் பார்க்க வேண்டும். சிடி 100ஐ விற்கப் போகிறேன் என்று சொன்னால் அடுத்த நாளே வாசலில் ஆள் நிற்கும். என்னுடைய சீன 125க்கு ஒருவர் வர நாலு மாதம் எடுத்தது.

சரி, அப்பாவின் எம்டி 90? இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம், அதனால் கவனமாகவே பேசுகிறேன். ஜப்பானில் தபால்காரர் கடிதம் கொடுப்பதற்காக ஹொண்டா செய்த சைக்கிள் அது. ஒரு நாளைக்கு நூறு தரம் நின்று, நூறு தரம் புறப்பட வேண்டிய வேலை. அதனால் எல்லாமே தடிப்பான இரும்பு. 1990களில் யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் இந்த வகை ஹொண்டாக்கள்தான் யாழ்ப்பாணத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்றன. காலையில் அப்பா ஒரு சின்னப் போத்தலில் இருந்து சேலைன் ரியூப் வழியாகக் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊதுவார். மூன்றாம் உதையில் வெள்ளைப் புகையோடு பிடிக்கும். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகை மணம் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. பிளக்கைக் கிழமைக்கு இரண்டு தரம் கழற்றிக் கரி சுரண்டுவதுதான் என் வேலை. அந்தச் சைக்கிள் இன்றும் ஓடுகிறது.

ஆனாலும் மருமகனுக்கு அதைக் கொடுக்க மாட்டேன். சந்தைக்கு, கோயிலுக்கு, வயலுக்கு என்றால் அதைவிட நல்லது இல்லை. சாலியும் அப்படியே, கிளச் பிடிக்கும் வேலை இல்லாததால் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் கைகொடுக்கும். ஏ9 வீதியில் தினமும் அறுபது கிலோமீற்றர் என்பது வேறு. சொகுசு பஸ் முந்திப் போகும்போது வரும் காற்றில் அந்தச் சின்னச் சில்லுகள் இழுபடும். இருட்டினால் லைற் வெளிச்சம் போதாது. நல்ல நிலையில் உள்ள எம்டி 90க்கு இப்போது கேட்கும் விலையும் அதன் வேலைக்கான விலை இல்லை, ஆசைக்கான விலை. அதற்குப் போடும் பிஸ்டனும் ரிங்ஸும் இப்போது பெரும்பாலும் சீனப் பெட்டிகளில்தான் வருகின்றன. ஹொண்டா செய்த சைக்கிளைச் சீனப் பிரதிதான் உயிரோடு வைத்திருக்கிறது.

பற்றரி ஸ்கூட்டரைப் பற்றியும் கேட்டான். கொடிகாமத்துக்குள் ஓடவென்றால் யோசிக்கலாம். ஆனையிறவு எதிர்காற்றில் பரந்தன் வரை போய், அங்கே சார்ஜ் போட இடம் இருக்குமா என்று தெரியாமல் எடுப்பது சரியில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அப்படியானால் மலிவுச் சீனச் சைக்கிள் யாருக்குச் சரி? கிழமைக்கு இரண்டு மூன்று நாள், பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் ஓடுகிறவருக்கு. தானே நட்டு முறுக்கத் தெரிந்தவருக்கு, அல்லது பக்கத்து வீட்டில் மெக்கானிக் இருப்பவருக்கு. சிஜி அல்லது ஜிஎன் இன்ஜின் என்று உறுதியானால், விற்கிற கம்பனி குறைந்தது நாலைந்து வருடமாக அதே இடத்தில் நிற்கிறது என்றால், முழுக் காசும் கையில் இருந்தால் எடுக்கலாம். எடுத்தவுடன் முதல் வேலையாக இரண்டு ரயரையும் மாற்ற வேண்டும், கூட வரும் ரயர் மழையில் வழுக்கும். செயினையும் நல்லதாகப் போட்டு, தளர்ந்த நட்டெல்லாம் ஒருதரம் இறுக்கிவிட வேண்டும். இந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். லீசிங்கில் மலிவுச் சைக்கிள் எடுப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தவணை முடிய முதல் சைக்கிள் முடிந்துவிட்டால், ஓடாத சைக்கிளுக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும்.

மருமகனிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுத்தேன். கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் உள்ள பாட்ஸ் கடைகளுக்குப் போய், அவன் மனதில் வைத்திருக்கும் சீன 125க்கும் சிடி 100க்கும் ஐந்து சாமான் கேள் என்றேன்: கிளச் கேபிள், பின் பிரேக் ஷூ, சிடிஐ, ஸ்பீடோ கேபிள், இடப்பக்கக் கவர். விலையையும் எழுதிக்கொண்டு வா என்றேன். பின்னேரம் கொப்பி ஒற்றையோடு வந்தான். சிடி 100 நிரையில் ஐந்துக்கும் விலை இருந்தது, கவருக்கு மூன்று நிறம்கூட எழுதியிருந்தான். சீன 125 நிரையில் முதல் இரண்டுக்கும் விலை, சிடிஐக்கு "ஓடர் போடவேணும்", மற்ற இரண்டுக்கும் கோடு.

அவனே பேச்சை மாற்றினான். "மாமா, மிருசுவில்ல ஒரு மாஸ்ரர் 2018 சிடி நூறு ஒண்டு குடுக்கிறாராம். ஒரே ஆள்தான் ஓடினது."

சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். காலை ஏழு மணிக்கே போனோம், இன்ஜின் சூடாக்கி வைக்காமல் இருக்க. முதல் உதையில் பிடித்தது, நீலப் புகை இல்லை. முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை இரு பக்கமும் திருப்பினேன், நடுவில் தட்டுப்படவில்லை. சேசிஸ் இலக்கத்தை டோர்ச் பிடித்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தான் மருமகன். ஒரே ஒரு சங்கடம் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் மாஸ்ரரின் பெயருக்குக் கீழே லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறது. காசெல்லாம் 2021இலேயே கட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார், கட்டிய துண்டும் காட்டினார், ஆனால் பெயரை நீக்க அவர் போகவில்லை. அட்வான்ஸ் ஒரு சதமும் கொடுக்காமல் வந்தோம். கம்பனிக் கடிதம் எடுத்துப் பெயரை நீக்கித் தந்தால் அவர் கேட்ட விலைக்கே எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை மாஸ்ரரோடு மருமகனும் சேர்ந்து யாழ்ப்பாணம் போகிறான்.

அதுவரைக்கும் பரந்தனுக்கு பஸ்தான்.